வெள்ளைக் கேடயம்

அந்தப் பொட்டலத்த இப்பம் அவுக்க வேண்டாம் தம்பி. மடியிலயே இருக்கட்டும். கனமா இருந்தா இந்தா, தராசுக்குப் பக்கத்துல வைங்க. கயிறு அப்படியே கெடக்கட்டும். அவ்வளவு தூரம் கப்பல்ல வந்த சாமான், இன்னும் செத்த நேரம் பொறுத்தா ஒண்ணும் ஆயிராது. மொதல்ல காத்தாட உக்காருங்க. ஸ்டேசன்லருந்து இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க? ஒரு குதிரை வண்டி பிடிச்சிருக்கலாம்லா.

உங்க பேச்சு நல்லாத்தான் இருக்கு. தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல பொறந்து வளந்த பிள்ளைன்னு சொன்னாத்தான் தெரியும். எங்கண்ணன் உச்சிமாகாளி எப்படியிருக்கான்? கண்ணு தெரியலையா. ம், வயசாச்சுல்லா. என்னவிட ரொம்ப மூப்பு அவன். சரி, அவன் சொல்லிவிட்டது எதுன்னாலும் பொறவு சொல்லலாம். நான் எங்கயும் எந்திரிச்சுப் போயிர மாட்டேன்.

கொஞ்சம் பையப் பேசுங்க. மருமக உள்ள முத்தத்துல இருக்கா. செண்பகவல்லி. வெளிச்சம் இருக்குத மட்டும் அங்கனதான் இருப்பா, பலகையப் போட்டுக்கிட்டு பெயிண்டு அடிச்சிட்டு. சோலியில உக்காந்தா எனக்குக் காதே கேக்காது மாமாம்பா. அது சும்மா. இங்கன ஒரு தேளுக்கு வெலை கொறச்சாக்கூட அங்கனருந்து செருமுவா.

தேளுன்னா நெசத் தேளு இல்ல. இந்தா தொங்குது பாருங்க. பாம்பு, தேளு, பூரான், எல்லாம் ஈயம். நீங்க இந்த மாதிரிக் கடை பாத்திருக்க மாட்டீங்க. வீட்டுல பாம்பு நடமாட்டம் இருந்தா, தேளு கொட்டிட்டுன்னா, கோமதியம்மாளுக்கு நேந்துக்கிட்டு இதுல ஒண்ண வாங்கி உண்டியல்ல போடுவாங்க. பொறவு அதுக அந்த வீட்டுப் பக்கம் வராது. கை காலு சொகமில்லைன்னா கை காலு உருவம். வசதி உள்ளவிய வெள்ளியில போடுவாவ, நம்மகிட்ட ஈயந்தான். நானே வார்க்கது. கரண்டியில உருக்கி, அச்சுல ஊத்தி, பிசிற அரத்தால ராவி எடுத்துருவேன். எங்கப்பா காலத்துலருந்து இதான் பொழப்பு.

வா ஆத்தா. எந்த ஊரு, பனவடலியா? தேளு ஒண்ணா. பேரனுக்குக் கொட்டிட்டா? இப்பம் எப்படியிருக்கான்? சாப்பிட்டானா, பொறவென்ன. இந்தா, வாலு ஒடியாமக் கொண்டு போ. நடை சாத்திருவாங்க, வெரசாப் போ.

பாத்தீங்களா, நல்லா ஆனதுக்கப்புறம் கொண்டாந்து போடுதா. சொன்ன வாக்க மறக்க மாட்டாங்க இந்தச் சனங்க.

என்னது, மேல் தட்டுலயா? வந்ததுலருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நானும் கவனிச்சேன். எடுத்துப் பாருங்க, ஈயப் பொம்மைதான். உங்க ஊருக்காரன், ஜூலு. பக்கத்துல நிக்கவன் வெள்ளைக்காரச் சிப்பாய், செவப்புக் கோட்டு. விரல் உசரம்தான் இருக்கான், ஆனா கோட்டுல பித்தான எண்ணிப் பாருங்க, ஒண்ணு கொறையாது. அதெல்லாம் எம்மருமக கை. அணில் வாலு முடியில அவளே பிரசு கட்டிக்கிடுவா. மூஞ்சிக்கு மட்டும் தனிப் பிரசு.

எம்மகன் நெல்லைநாயகம் வேலை பாத்த கடை உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஆமா, அந்தப் பொம்மைக் கடைதான். மொதலாளி ஒரு கெழட்டு வெள்ளைக்காரன். அறுவது எழுவது வருசத்துக்கு முன்ன ஜூலுக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடந்த சண்டையை ஈயத்துல வார்த்து விப்பானாம். பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆன தொரைமாரு வாங்கி வாங்கி அடுக்குவானுவளாம். ஒரு மேசை முழுக்க மணலைக் கொட்டி, மலை மாதிரி செஞ்சு, அதுல நிறுத்தி வச்சிருப்பானாம். என்னமோ ஒரு மலை, வாயில நுழையாத பேரு. அங்க வச்சு ஒரே நாள்ல ஜூலுக்காரன் அம்புட்டு வெள்ளைக்காரனையும் முடிச்சிட்டான்னு சொன்னான். ஏலே, தோத்துப்போன சண்டையவா பொம்மை செஞ்சு வைக்கானுவன்னு கேட்டேன். ஜெயிச்சிருந்தா மறந்திருப்பாங்கப்பா, தோத்ததாலதான் திரும்பத் திரும்ப அடுக்கிப் பாக்காங்கன்னான். அன்னைக்கு அது எனக்கு வெளங்கல.

அதுலயும் சும்மா ஏதோ கலர அடிச்சா வாங்க மாட்டானுவ. இந்தத் தொப்பியப் பாருங்க, வெள்ளைத் தொப்பிதான், ஆனா மங்கலா இருக்குல்லா? வெள்ளையா இருந்தா வெயில்ல தூரத்துலயே தெரிஞ்சிரும்னு சிப்பாய்மாரு தேயிலைத் தண்ணியில முக்கிக் கட்டிக்கிட்டாங்களாம். அதனால தொப்பிக்குத் தேயிலைச் சாயந்தான் வரணும். கேடயம் இன்னும் கஷ்டம். சின்னப் பயலுவ பட்டாளத்துக்குக் கருப்புக் கேடயம். ராசா உத்தரவு குடுத்தாத்தான் கல்யாணமே முடிக்க முடியுமாம். கல்யாணம் ஆயிட்டுன்னா தலையில இந்தா ஒரு வளையம், கையில வெள்ளைக் கேடயம். இதச் சொன்னப்ப எம்மருமக சிரிச்சா. அங்க வெள்ளை கல்யாணம் ஆனவருக்கா, நல்ல ஊருதான்னா. புதுப் பொண்ணு அப்பம், மஞ்சக் கயிறு நெறம் மாறல.

இருங்க தம்பி, சொல்லி முடிச்சிருதேன். நீங்க ஆரம்பிச்சா நான் சொல்ல முடியாது.

எம்மகன் அம்மை அவன் சின்னதுல போயிட்டா. அண்ணன் டர்பன்லருந்து வந்திருந்தான், பயல நான் கொண்டு போறேன், இந்தத் தேளுக்கும் பாம்புக்கும் இடையில கெடந்து என்ன செய்யப் போறான்னான். ஆனா அங்க குடியிருக்கவன் பிள்ளைகளத் தவிர புதுசா ஆளு எறக்க மாட்டான்லா. அதனால தன் சொந்த மகன்னு எழுதித்தான் கப்பல்ல ஏத்துனான். அன்னையிலருந்து பேப்பர்ல அவன் எங்கண்ணன் மகன். அங்க நல்லது கெட்டது எது நடந்தாலும் சர்க்காரு எங்கண்ணனுக்குத்தான் சொல்லும். என் பேரு எங்கயும் கெடையாது. சவத்தத் தள்ளு, ஒரு கையெழுத்துத்தானன்னு அப்பம் நெனச்சேன்.

இந்த ஒலகச் சண்டை முடிஞ்சு கப்பல் விட்ட ஒடனே கல்யாணத்துக்கு வந்தான். தை மாசம் கல்யாணம், ஆனி வரைக்கும் இருந்தான். சும்மா இருக்க மாட்டான், ஒரு பொட்டி நெறய வார்ப்பு கொண்டாந்திருந்தான், பெயிண்டு அடிச்சுக் கொண்டு போறதுக்கு. ஒரு நாள் மத்தியானம் அவன் ஒறங்குதப்ப இந்தப் பிள்ளை ஒரு ஜூலுக்காரன் மூஞ்சிய அடிச்சு முடிச்சு வச்சிருக்கா. எந்திரிச்சுப் பாத்தவன், என்னவிட நல்லா வந்திருக்கேன்னு சொல்லி, பிரச அவ கையிலயே குடுத்துட்டான். பொறவு ரெண்டு பேரும் அந்த முத்தத்துல எதிரும் புதிருமா உக்காந்துதான் அடிப்பாங்க. நான் கடையிலருந்து பாப்பேன். பேச்சுச் சத்தமே கேக்காது. எனக்கு என்னமோ அது நல்லாருந்துச்சு.

அவளக் கூட்டிட்டுப் போக பெர்மிட்டு எழுதிப் போடணும்னான். எழுதிப் போட்டா பழைய பேப்பர நோண்டுவான், யாரு மகன்னு விசாரணை வந்துரும்னு அண்ணன் பயந்தான். கொஞ்சம் பொறுப்போம்னு கப்பலேறிட்டான். அந்த வருசந்தான் நம்ம சர்க்காரும் அந்தத் தேசத்தோட யாவாரமே கெடையாதுன்னு நிறுத்திட்டு. பார்சல் போட வழியில்ல. ஊருக்கு வாரவிய கையில பத்து இருவது வார்ப்பப் பொட்டலமாக் கட்டிக் குடுத்து விடுவான். இவ அடிச்சு வைப்பா, திரும்பிப் போறவிய கொண்டு போவாவ. கடுதாசி எழுத மாட்டான் பாத்துக்கிடுங்க. எதுக்கு என்ன கலருன்னு ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், அவ்வளவுதான். கோட்டுக்குச் செவப்பு, வாருக்கு வெள்ளை, குதிரைக்குக் காவி. அந்தச் சீட்ட அவ அம்புட்டு நேரம் படிப்பா. அதுல என்ன இருந்துச்சோ அவளுக்கு.

போன வருசம் ஆடித்தபசுத் திருவிழா. ஊரு கொள்ளாத கூட்டம். மருமக ஆடிக்கு அம்மை வீட்டுக்கு, கரிவலம்வந்தநல்லூருக்குப் போயிருக்கா. நான் தனியாளாக் கடையில நிக்கேன். அப்பம் வந்துச்சு தந்தி. நாயகத்துக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு அண்ணன் அடிச்சிருக்கான்.

நான் என்ன செய்வேன் சொல்லுங்க. இங்கன இருந்து என்ன செய்ய முடியும்? கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்கான். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான, உரு வார்த்துப் போடுதது. ஆனா எங்கிட்ட ஆளு உருவத்துக்கு அச்சு கெடையாது. எதுத்த கடையில வெள்ளித் தகடுல ஆளு உருவம் விப்பாங்க. வாங்கப் போனவன் திரும்பி வந்துட்டேன். அது பொதுவா ஒரு ஆளு, யாருக்கு வேணும்னாலும் போடுதது. இந்தக் கூட்டத்துல கோமதியம்மா எதுன்னு பாப்பா? டர்பன்லருந்து வந்த உருவாப் போட்டா அவளுக்கு எடம் தெரியும்லான்னு நெனச்சேன். கோட்டித்தனந்தான். ஆனா அன்னைக்கு எனக்கு அது ரொம்பச் சரியாப் பட்டுச்சு. மருமக பலகையில இருந்த ஒரு ஜூலுக்காரன எடுத்து, களிமண்ண நல்லாக் கொழச்சு, அதுல அமுக்கி, அடுப்புல சுட்டு அச்சு எடுத்தேன். செவப்புக் கோட்டுக்காரனுக்குத் துப்பாக்கி ரொம்ப மெலிசு, நம்ம கையில வராது. இவன்னா கேடயத்தோட கட்டுமஸ்தா இருக்கான். கல்யாணம் ஆனவன், தலையில வளையம் வேற இருந்துச்சு. வார்த்து, எம்மகன் பேரச் சொல்லி, கூட்டத்துல இடிபட்டுப் போய் உண்டியல்ல போட்டுட்டு வந்தேன்.

ரெண்டாவது தந்தி மறுநாள் சாயந்தரம் வந்துட்டு.

ஆமா தம்பி. எனக்குத் தெரியும். நீங்க சொல்ல வந்தது எனக்குத் தெரியும். கடை வாசல்ல நின்னு இது சங்கரநயினார் கடையான்னு கேட்டீங்கல்லா, அப்பமே தெரியும் எதுக்கு வந்திருக்கீங்கன்னு. நான் பதில் போடாததால தந்தி கெடைக்கலைன்னு அண்ணன் நெனச்சிருப்பான், உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

நான் அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன். அம்மா மேல குத்தம் சொல்ல மாட்டேன். அவ பாத்திருப்பா, ஈட்டியும் கேடயமுமா ஒரு ஆளு. இடுப்புல தோலு கட்டியிருக்கான். அங்க போய் அந்த மாதிரி ஒருத்தனைத் தேடிக் காப்பாத்தியிருப்பா. எவனோ ஒரு ஜூலுக்காரப் பயலுக்கு அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் எறங்கியிருக்கும். அவன் பொண்டாட்டி சந்தோசமா இருப்பா. இருக்கட்டும், யாராவது நல்லாருக்கட்டும்.

மருமகளுக்கு ஆளு சொல்லி விடணும்லா. விடல. நேர்ல சொல்லுவோம், அவ வரட்டும்னு இருந்தேன். ஆடி கழிஞ்சு அவ அண்ணன் வண்டியில கொண்டாந்து விட்டான். புதுச் சேலை, தலை நெறயப் பூவு. இந்தா, இந்தப் படியிலதான் கால வச்சா. வச்சதும் கேட்டது என்ன தெரியுமா? பொட்டலம் ஏதும் வந்துச்சா மாமான்னா. நான் வாயத் தெறந்தேன். சொல்லத்தான் தெறந்தேன், சத்தியமா. வந்திருக்கு தாயின்னு சொல்லிட்டேன்.

சொன்னதுக்கப்புறம் பொட்டலத்துக்கு எங்க போவேன்? அச்சு கெடந்துச்சு. அத வச்சு வார்த்தேன். டர்பன்லருந்து தூத்துக்குடிக்கு ஆளு வந்துச்சு, கையில குடுத்து விட்டிருக்கான்னு சொல்லிக் குடுத்தேன். பிரிச்சுப் பாத்தா. எல்லாம் ஒரே மாதிரி ஆளா அனுப்பியிருக்காவளேன்னா. அவ்வளவுதான். அதுக்குப் பொறவு அதப் பத்திக் கேட்டதே கெடையாது. அவன் வார்ப்புல ஒருத்தன் ஓடுவான், ஒருத்தன் குனிவான், ஒருத்தன் செத்துக் கெடப்பான். என் வார்ப்புல எல்லாரும் வலது கால எடுத்து வச்சு நிக்கான், ஒருத்தனுக்காவது ஈட்டி முனை முழுசா ரொம்புததில்ல. அவ வெளக்கமாத்து ஈக்கியக் கிள்ளி, முனையச் சீவி, அதுல ஒட்டிக்கிடுதா. துண்டுச் சீட்டு எங்கன்னு கேக்கல. அவன் குடுத்த பெயிண்டு தீந்து போச்சு, இப்பம் மாட்டு வண்டிக்கு அடிக்கத வாங்கிக் குடுக்கேன். செவப்பு டப்பா மட்டும் தீரல, செவப்புக் கோட்டுக்காரன் வரலைலா. அதையும் கேக்கல.

ஒருக்க வெள்ளை பெயிண்டு கெடைக்கல. கேடயத்துக்குக் கருப்பு அடிச்சிரு தாயின்னேன். அதெப்படி மாமா, இவரு கல்யாணம் ஆனவருல்லான்னா. இவருன்னுதான் சொன்னா. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

இன்னொண்ணு சொன்னா நீங்க என்னைய மனுசனான்னு நெனப்பீங்க. அடிச்சு முடிச்சத எங்கிட்டத் தருவா, பம்பாய்ல கப்பலேறப் போற ஆளுகிட்டக் குடுத்திருங்க மாமான்னு. யாருகிட்டக் குடுப்பேன்? அந்தா அந்த மரப்பொட்டியில போட்டு வச்சேன். ஈயம் கெடைக்கல. பாம்புக்கும் தேளுக்குமே காணாது. ஒரு வெள்ளிக்கிழமை அவ கோவிலுக்குப் போயிருந்த நேரம், அவ அடிச்சதையே எடுத்துக் கரண்டியில போட்டு உருக்கிட்டேன். அவ கண்ணுமுழி வைப்பா பாருங்க, கடுகுல பாதி இருக்காது. அது பொங்கிக் கருகி அழுக்கா மேல வந்து மிதக்கும். அத வழிச்சு எறிஞ்சிட்டு அச்சுல ஊத்துவேன். மறுபடியும் அதே ஆளு வருவான். டர்பன்லருந்து வந்திருக்குன்னு குடுப்பேன், அவ அடிப்பா. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரே ஈயத்தத்தான் அந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப அடிச்சிட்டு இருக்கா. எனக்கு நிறுத்த வழி தெரியல தம்பி.

சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? அங்க எப்படியோ. இங்கன அன்னைக்கே ஊரு கூடிரும். பூவெடுத்து, வளையல ஒடச்சு, கயித்த அறுத்து, வெள்ளையக் குடுத்து ஒரு மூலையில உக்கார வச்சிருவாளுவ. இருவது வயசு அவளுக்கு. பொறவு அவ அண்ணன்மாரு வண்டி கட்டிட்டு வந்துருவானுவ. கூட்டிட்டுப் போறதும் நியாயந்தான், பிள்ளையா குட்டியா, இந்தக் கெழவனுக்குக் கஞ்சி காச்சி ஊத்தணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து. அவளுக்காகன்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன். இப்பம் யோசிச்சுப் பாத்தா எனக்காகவுந்தான். அவளும் போயிட்டா எம்மகன் பேரச் சொல்ல இந்த வீட்டுல ஆளு கெடையாது. பேப்பர்லதான் ஏற்கெனவே கெடையாதே.

பொண்டாட்டிக்குத் தெரியணும்னு சொல்லுதீங்க. நான் இல்லைன்னு சொல்லல.

வாரா. பேசாதீங்க.

வா தாயி. இவிய கடைக்கு வந்தவிய. காப்பிய அங்கன வை, தராசுப் பக்கம். சீனி போட்டிருக்கியா? சரி. வெளிச்சம் இன்னும் இருக்குல்லா? போய்ப் பாரு, போ.

கவனிச்சீங்களா? வாசல்ல வண்டிக்காரன் தண்ணி கேட்டாக்கூட எந்த ஊருன்னு கேட்டுட்டுத்தான் செம்பக் குடுப்பா. உங்க கோட்டப் பாத்தா, பூட்ஸப் பாத்தா. பொட்டலத்தப் பாத்தா, அதச் சுத்தியிருக்க தாளப் பாத்தா. ஊரு கேட்டாளா? கேக்கலல்லா.

அந்தத் தாளுதான் தம்பி. எம்மகன் அனுப்புத பொட்டலமெல்லாம் இந்த மாதிரி டர்பன் இங்கிலீஷ் பேப்பர்லதான் சுத்தி வரும். நான் வார்த்தத வெறும் சாக்குல கட்டிக் குடுத்தா நம்புவாளா? கடைசியா வந்த பொட்டலத்துத் தாளு ஒண்ணு கடையில கெடந்துச்சு. தொப்பி போட்ட ஒரு தொரைசானி படம், மூலையில எண்ணெய்க் கறை. அதுலயே சுத்திக் குடுத்தேன். பிரிச்சிட்டுத் தாள எங்கயாவது போடுவா, தேடி எடுத்துக்கிடலாம்னு இருந்தேன். தேட வேண்டியிருக்கல. மறுநாள் கடை தெறந்தா, தராசுத் தட்டுக்கு அடியில, மடிப்பு மாறாம, கையால நீவி நீவி வச்சிருக்கு. அடுத்த தடவையும் அங்கனதான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அதே தொரைசானி, அதே கறை. அவ பிரிப்பா, நீவி மடிச்சு எனக்கு எடுத்து வைப்பா. நான் எடுத்துச் சுத்துவேன். அவ ஒண்ணும் கேட்டதில்ல, நான் ஒண்ணும் சொன்னதில்ல. யாருக்காக யாரு அழாம இருக்கோம்னு எனக்கே தெரியல.

காப்பியக் குடிங்க, ஆறுது. குடிச்சிட்டு எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும். உள்ள அவன் சட்டையோ வாச்சோ என்ன இருக்கோ, அத நான் பொறவு பாத்துக்கிடுதேன். கயித்த மட்டும் பைய அவுத்து, தாளு கிழியாம எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. பழசு மடிப்பு மடிப்பா விட்டுப் போச்சு. ரெண்டு பேரு மடிக்கோம்லா.